கொழுப்புக் கூண்டு

தீனி குறையவே இல்லை. ஆப்பிள் மரத்தில் தொங்கிய கம்பிக் கூண்டுக்குள் மாட்டுக் கொழுப்புக் கட்டி நேற்று வைத்தபடியே இருந்தது. கீழே, உறைபனியில் வெளுத்த புல்லில், ரூக் காகங்கள் சத்தமில்லாமல் நின்றன. எலும்புபோல் வெளிறிய மூக்குகள் அத்தனையும் ஆட்ரியின் சமையலறை ஜன்னலை நோக்கியிருந்தன.

ரூக் கனமான பறவை. சிட்டுகளைப்போல் கூண்டில் ஒட்டிக்கொண்டு தின்ன அதனால் ஆகாது. ஒரு காலைக் கம்பிக்குள் நுழைத்து, இறக்கையடித்து உடம்பை நிறுத்தி, கொத்தியதை நாக்கடிப் பையில் அடைத்துக்கொண்டு போய்விடும். சின்னப் பறவைகளுக்கு எதுவும் மிஞ்சாது. போன வாரம் அப்படி வந்த ஒன்றின் கால் சிக்கிக்கொண்டது. மூடியைத் தூக்கினால் கம்பி தளரும், கால் விடுபடும். ஆட்ரிக்கு அது தெரியும். தேநீர்க் கோப்பையோடு ஜன்னலருகிலேயே நின்றாள். மற்ற ரூக்குகள் மிரண்டு விலகின. சின்ன ராபின் குருவி தின்ன இறங்கி வந்தது. இன்னும் கொஞ்ச நேரம் தொங்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

மறுநாள் காலையில் அது விறைத்துக் கிடந்தது. இறக்கையில் ஒற்றை வெள்ளை இறகு. பக்கத்து வீட்டு ஹேசல் பிஸ்கட் ஊறவைத்து ஊட்டி வளர்த்தது அது. ஆட்ரி அதைச் செய்தித்தாளில் சுற்றிக் குப்பைத்தொட்டியில் போட்டாள். ஹேசல் வந்து விசாரித்தபோது, கண்ணிலேயே படவில்லை என்றாள்.

இப்போது அதே ஹேசல் எதிரே உட்கார்ந்து கேக் தின்றுகொண்டிருந்தாள். பறவைகளுக்கு இந்தத் தெருவில் ஆட்ரியை விட்டால் யார் இருக்கிறார்கள் என்று அவள் சொல்லச் சொல்ல, ஆட்ரியின் காதுமடல் சுட்டது. நாலு மணிக்கே இருட்டிக்கொண்டு வந்தது. மூடிய ஜன்னலையும் தாண்டிக் காறிய கொழுப்பின் நாற்றம்.

"ஏன்டி ஆட்ரி, உன் சமையல் இதுங்களுக்குக்கூடப் பிடிக்கலையா?" ஹேசல் சிரித்தாள்.

ஒரு ரூக் எழும்பியது. நிதானமாகக் கம்பிக்குள் ஒரு காலை நுழைத்தது. இன்னொரு காலைத் தொங்கவிட்டது. தலைகீழாகத் தொங்கியது.

"ஐயோ, கால் மாட்டிக்கிச்சு பாரு."

"போகாத ஹேசல்."

"என்னடி பேசுற? உசுரு போயிரும்."

கதவு திறந்து கிடந்தது. குளிர். ரூக்குகள் விலகி ஹேசலுக்கு வழிவிட்டன. அவள் மூடியைத் தூக்கினாள். கம்பி தளர்ந்தது. பறவை அசையவில்லை. அலகு மட்டும் பிளந்தது.

வந்தது ஆட்ரியின் குரல். கொஞ்சம் கரகரப்பு. கொஞ்சம் சலிப்பு.

"சீக்கிரம் செத்துத் தொலையேன். டீ ஆறுது."

ஆட்ரி கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். குரல் நிற்கவில்லை. அன்று அந்த ஜன்னலில் நின்று முணுமுணுத்ததெல்லாம், ஒன்று விடாமல்.

ஹேசல் மூடியிலிருந்து கையை எடுக்காமல் மெல்லத் திரும்பினாள். இமைக்கவில்லை. அவளைச் சுற்றி நின்றவையும் இமைக்கவில்லை.