வோண்டராவின் கட்டைவிரல்

நார்பர்ட் குபிசெக் தன் வண்டியை லூமிர் வோண்டராவின் பண்ணைக்குள் திருப்பியபோது காலை வெயில் இதமாகத்தான் இருந்தது. சோளம் அறுத்து முடிந்த வயல்கள் நாலு பக்கமும் மொட்டையாகக் கிடந்தன. நெப்ராஸ்காவில் அக்டோபர் என்றால் ஏலக்காரர்களுக்கு நல்ல மாதம். அறுவடை முடிந்து ஜனங்கள் ஓய்வாக இருப்பார்கள், பாதையில் சேறும் இருக்காது. பக்கத்தில் மனைவி அல்பீனா, பின் இருக்கையில் தம்பி லாடி. செத்துப்போன ஒருவனின் பழைய கார்களையும் உதிரி பாகங்களையும் சனிக்கிழமை ஏலத்துக்கு அடுக்கி வைக்க வந்திருந்தார்கள். காலம் காலமாக அவர்கள் செய்கிற வேலை. இதில் பயப்பட எதுவும் இல்லை.

தகரக் கொட்டகையின் பெரிய கதவைத் தள்ளியதும் நாற்றம் முகத்தில் அறைந்தது.

எலி மூத்திரம், கெட்டுப்போன கிரீஸ், ஊறின புகையிலை. அதற்கெல்லாம் அடியில் லேசான தித்திப்போடு இன்னொரு வாடை. நார்பர்ட் கைக்குட்டையை எடுத்து மூக்கைப் பொத்திக்கொண்டார். மனிதர் சுத்தக்காரர். ஏலமேடைக்குக்கூட இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில்தான் ஏறுவார். சர்ச்சுப் பெண்கள் கொடுக்கிற காபிக் கோப்பையைத் தன் கையால் இன்னொரு தடவை கழுவித்தான் வாயில் வைப்பார். அப்படிப்பட்டவருக்குப் பூமியில் யாரைக் கண்டால் அதிகம் குமட்டும் என்று கேட்டால், யோசிக்காமல் வோண்டராவின் பெயரைத்தான் சொல்லியிருப்பார்.

கிழவனிடம் ஒரு வித்தை இருந்தது. எந்த ஏலத்துக்குப் போனாலும் முதல் ஆளாக வந்து நிற்பான். கன்னத்தில் எப்போதும் ஒரு புகையிலை உருண்டை. எந்தச் சாமான் வேண்டுமோ அதன் முன்னால் நின்று, கட்டைவிரலை வாய்க்குள் விட்டு நாக்கில் நிதானமாகத் தேய்த்து, எச்சில் சொட்டச் சொட்ட அதன்மேல் அழுத்துவான். நிக்கல் பூச்சு நல்லதா என்று பார்க்கிறானாம். பழுப்பு எச்சில் வழிகிற ஹெட்லைட்டை அப்புறம் எவன் தொடுவான்? மற்றவர்கள் ஒதுங்கிக்கொள்வார்கள், சாமான் சல்லிசாக அவனுக்கே வந்து சேரும். ஏலம் கேட்பதும் அப்படித்தான். கையைத் தூக்க மாட்டான். கூட்டத்துக்குப் பின்னால் நின்றுகொண்டு அந்த ஈர விரலை மட்டும் நீட்டுவான். அதைப் பார்த்துப் பார்த்து விலையை ஏற்ற வேண்டிய கதி நார்பர்ட்டுக்கு.

அவன் செத்த விதமும் அசிங்கம். ஆகஸ்ட் வெயிலில், இந்தக் கொட்டகைக்குள்ளேயே, தன் பச்சை நாஷ் காரின் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்த வாக்கிலேயே செத்துப்போனான். தபால்காரர் தேடி வருவதற்குள் பல நாள் ஆகிவிட்டது. தூக்கப் போன போலீஸ்காரர் ஒருவர் பிறகு காபி குடிக்கிற இடத்தில் நார்பர்ட்டின் காதருகே குனிந்து சொன்னார்.

"எலிங்க வாய்க்குள்ள பூந்திருக்கு. நாக்கு இல்லீங்க. சுத்தமா தின்னுட்டுப் போயிருக்கு."

நார்பர்ட் அன்றைக்குக் காபியை அப்படியே வைத்துவிட்டு எழுந்து வந்தார். ஓமஹாவில் இருக்கும் கிழவனின் அண்ணன் மகள் போனில் பேசியதோடு சரி, எட்டிக்கூடப் பார்க்கவில்லை. ஒரு திருகாணிகூடத் தனக்கு வேண்டாம், எது என்ன விலைக்குப் போனாலும் சரி, எல்லாவற்றையும் விற்றுத் தீர்த்துவிட வேண்டும் என்று சொல்லிவிட்டாள்.

வைக்கோல் வண்டிகளை வரிசையாக நிறுத்தி, கார்புரேட்டர், விளக்கு, ரேடியேட்டர், சக்கர மூடி என்று அடுக்கினார்கள். போல்ட் டப்பாவுக்குள் கையை விட்டால் கெட்டியாகக் காய்ந்த எச்சில் விரலில் ஒட்டியது. இருக்கைகளைக் கிழித்தால் எலிக்குஞ்சுகளின் எலும்பு கொட்டியது. பளபளக்கிற எந்தப் பாகத்தை எடுத்தாலும் அதன்மேல் ஒரு பழுப்புக் கட்டைவிரல் ரேகை. அல்பீனா மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்துத் துடைத்துக் கை வெந்துபோனாள். லாடிதான் எல்லோரையும் சிரிக்க வைத்துக்கொண்டிருந்தான். அவனுக்கு நாற்பது தாண்டிவிட்டது, கல்யாணம் ஆகவில்லை. அம்மா போனபோது அவன் சின்னப் பிள்ளை. வளர்த்ததெல்லாம் நார்பர்ட்தான். தனக்குப் பிள்ளை இல்லாத குறையை நார்பர்ட் வாய்விட்டுச் சொன்னதில்லை என்றால் அதற்குக் காரணம் லாடி.

சனிக்கிழமை மூன்று மாநிலங்களிலிருந்து கூட்டம் வந்தது. சர்ச்சுப் பெண்கள் கொலாச் பலகாரமும் மாட்டிறைச்சி ரொட்டியும் விற்றார்கள். நார்பர்ட்டின் நாக்கு அந்த வட்டாரத்தில் பேர் போனது. மூச்சு விடாமல் அது ஓடுகிற வேகத்தைக் கேட்பதற்கென்றே சிலர் வருவார்கள். லாடி கூட்டத்துக்குள் நடந்துகொண்டே, எவன் விரலை அசைத்தாலும் கண்டுபிடித்து "ஹெப்!" என்று கத்துவான். வண்டி வண்டியாகச் சாமான் போயிற்று.

கடைசியில் நாஷ் மிச்சம்.

அதை டிராக்டரால் இழுத்துக் கொட்டகை வாசலில் நிறுத்தியிருந்தார்கள். ஓட்டுநர் இருக்கையைப் போலீஸ்காரர்களே எரித்துவிட்டதால் வெறும் ஸ்பிரிங்தான் இருந்தது. அதன் அடியில் தரைப்பலகை எதையோ குடித்துக் கறுத்திருந்தது. கான்சஸிலிருந்து வந்த ஒருவர் கதவைத் திறந்து தலையை உள்ளே விட்டார். விட்ட வேகத்தில் வெளியே எடுத்து, வேலி ஓரமாகப் போய் வாந்தி எடுத்தார். அதற்கப்புறம் யாரும் கிட்டே வரவில்லை.

ஒரு பொருளை யாரும் கேட்காவிட்டால் இன்னொன்றை அதோடு சேர்த்துவிடுவது அங்கே வழக்கம். நார்பர்ட் நாலு ரேடியேட்டரைச் சேர்த்தார். அசைவில்லை. பிறகு ஒரு வண்டி நிறைய ஹெட்லைட். கூட்டம் தரையைப் பார்த்தது.

"சரிய்யா," என்றார் ஒலிபெருக்கியில். "ஓட்டிட்டுப் போறதுக்கு என் தம்பியையும் சேத்தே தர்றேன். கல்யாணம் ஆகல. கம்மியாத்தான் திம்பான்."

கூட்டம் சிரித்தது. கொலாச் விற்கிற பெண் ஒருத்தி, யார் கம்மியாகத் தின்பது, காலையிலிருந்து ஏழு கொலாச் உள்ளே போயிருக்கிறது என்று குரல் கொடுத்தாள். லாடி தொப்பியைக் கழற்றி ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டினான். எல்லோரும் சிரித்தார்கள், ஒருவரும் கேட்கவில்லை.

அந்த மாதிரி நேரத்துக்கு ஏலக்காரர்களிடம் ஒரு தந்திரம் உண்டு. கூட்டத்துக்குப் பின்னால், ஆளே இல்லாத இடத்தைக் காட்டி யாரோ கேட்டதாகச் சொல்வது. ஒருவன் கேட்டுவிட்டான் என்றால் இன்னொருவனுக்கு ரோஷம் வரும், நிஜமாகவே கேட்பான். கேட்காவிட்டால், கண் ஏமாற்றிவிட்டது என்று சிரித்து மழுப்பிவிட்டு மறுபடி ஆரம்பிக்கலாம். நார்பர்ட் கொட்டகையின் இருட்டைக் கையால் காட்டினார்.

"அம்பது! பின்னால அம்பது!"

"ஹெப்!" என்றான் லாடி.

தம்பி சமயம் பார்த்து ஒத்து ஊதுகிறான் என்று நினைத்து நார்பர்ட் எழுபத்தைந்து கேட்டார். பதில் இல்லை. மழுப்பிவிட்டுத் திரும்ப ஆரம்பித்திருக்க வேண்டும். அப்போது பார்த்துக் காற்று திரும்பியது. நாஷுக்குள் இருந்த தித்திப்பு வாடை திறந்த வாய்க்குள் புகுந்து அண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. அதற்குமேல் ஒரு நிமிஷம்கூட அங்கே நிற்க அவரால் ஆகவில்லை. திங்கட்கிழமை காயலான் கடைக்குத் தள்ளிவிட்டால் போயிற்று.

"ஒரு தரம். ரெண்டு தரம். மூணு தரம்!"

ஏலக் கணக்கு எழுதுகிற வண்டியின் சன்னலிலிருந்து அல்பீனா தலையை நீட்டி, யாருக்கு என்று கேட்டாள். நார்பர்ட் ஒலிபெருக்கியைப் பொத்திக்கொண்டு, நம் பெயரிலேயே வைத்துக்கொள் என்றார். அதற்குள் லாடி மேடையருகே வந்துவிட்டான். முகத்தில் சிரிப்பு இல்லை.

"ஏண்ணே, கேட்டவருக்குத்தானே குடுக்கணும்?"

"யாருடா கேட்டா? நான் சும்மா சொன்னேன்."

"உள்ளேருந்து கேட்டாங்கண்ணே. கதவுக்குப் பின்னால. ஆள் தெரியல." லாடி குரலைத் தாழ்த்தினான். "கட்டைவிரல் மட்டும் நீட்டினாங்க."

ஜனங்கள் கலைந்த பிறகு நார்பர்ட் நாஷைச் சுற்றிப் பார்த்தார். அல்பீனா காலையில் துடைத்து வைத்த ஹெட்லைட்டில் ஒரு ரேகை இருந்தது.

ஆனால் ஈரம் இல்லை.

துருப்பொடியை வைத்துத் தேய்த்த மாதிரி, வறண்டு, நிக்கலையே சுரண்டிவிட்டிருந்தது.

திங்கட்கிழமை காயலான் கடைக்காரர் ஜைசெக் வந்தார். ஹெட்லைட்டைப் பார்த்ததும் நின்றுவிட்டார். கிழவன் விரல் வைத்த சாமானைத் தான் ஒருநாளும் தொட்டதில்லை, இனிமேலும் தொடப்போவதில்லை என்றார். சொல்லும்போது சிரித்தவர், காரை இன்னொரு தடவை பார்த்தார். சிரிப்பை நிறுத்திவிட்டு வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் மதியம் லாடி சூப்புத் தட்டின்மேல் குனிந்திருந்தான். ரொட்டி எடுத்து வந்த நார்பர்ட் அவன் பிடரியைப் பார்த்தார்.

முடி வெட்டின இடத்துக்குக் கீழே, பழுப்பாக, ஒரு கட்டைவிரல்.

அல்பீனா சோப்புப் போட்டுத் தேய்த்தாள். தோல் சிவந்ததே தவிர ரேகை போகவில்லை. மறுநாள் காதுக்குப் பின்னால் ஒன்று. அதற்கு மறுநாள் நெற்றியில். ஒவ்வொன்றிலும் உப்புத்தாள் போட்டுச் சுரண்டினதுபோல ரத்தம் கசிந்தது. "யாரோ எதையோ தேச்சுத் தேச்சுப் பாக்கற மாதிரி இருக்கு அண்ணி," என்றான் லாடி. சாப்பாட்டைத் தொடவில்லை. கேலி பேச்சு நின்றுபோயிற்று. அவன் மேலிருந்து அந்தத் தித்திப்பு வாடை வீச ஆரம்பித்ததும் நார்பர்ட் சமையலறைத் தொட்டியில் போய் ஓங்கரித்தார். ஓங்கரித்ததற்காகத் தன்மேலேயே அவருக்கு வெறுப்பு வந்தது. தான் தூக்கி வளர்த்த பிள்ளையின் உடம்பு அது.

சனிக்கிழமை காலை லாடியின் படுக்கை காலியாக இருந்தது.

எங்கே என்று யோசிக்க வேண்டியிருக்கவில்லை. வோண்டராவின் கொட்டகை வாசலில், நாஷின் வெறும் ஸ்பிரிங்குகள்மேல், கறுத்த பலகையில் காலை வைத்து, ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தான். ஈக்கள் அவன் உதட்டில் நடந்துகொண்டிருந்தன. நார்பர்ட் கையைப் பிடித்து இழுத்தார். விரல்கள் ஸ்டியரிங்கை விடவில்லை.

"வாடா வீட்டுக்கு."

"எப்படிண்ணே வர்றது?" குறையாகச் சொல்லவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னான். "வித்துட்டீங்களே."

நார்பர்ட் அழுதார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு காரின் பக்கவாட்டுப் படிமேல் ஏறி நின்றார். அவருக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். ஏலத்தில் போனதை ஏலத்தில்தான் மீட்க வேண்டும். கொட்டகையின் இருட்டைப் பார்த்துக் குரல் எடுத்தார். விற்பனைக்கு லாடி குபிசெக், கூட எதுவும் சேர்க்கவில்லை, நானே கேட்கிறேன், ஆயிரம் என்றார்.

இருட்டுக்குள் ஒரு சத்தம்.

சர்ர்... சர்ர்...

வறண்ட கட்டையில் அரத்தை இழுக்கிற மாதிரி.

தன் ஆயிரத்துக்குமேல் இருட்டு விலையை ஏற்றிவிட்டது என்று அவருக்குப் புரிந்தது. வண்டியை வைத்துக் கேட்டார். சர்ர். வீட்டை வைத்துக் கேட்டார். சர்ர். நிலத்தை, தொழிலை, கையில் இருந்த எல்லாவற்றையும் வைத்துக் கேட்டார். ஒவ்வொரு தடவையும் அந்தச் சத்தம் கிட்டே வந்தது. லாடியின் தலை ஸ்டியரிங்மேல் சாய்ந்தது.

நார்பர்ட்டுக்குத் திடீரென்று போலீஸ்காரர் சொன்னது நினைவுக்கு வந்தது.

நாக்கு இல்லாத வாய். அதற்குள் ஒரு கட்டைவிரல் ஈரத்தைத் தேடுகிறது. தேய்க்கிறது. கிடைக்கவில்லை. மறுபடியும் தேய்க்கிறது.

படிமேல் நிமிர்ந்து நின்றார்.

"என் நாக்கு," என்றார் மெதுவாக.

சத்தம் நின்றது.

"ஒரு தரம்." ஈக்கள்கூட அடங்கிவிட்டன. "ரெண்டு தரம்."

தம்பியின் நெற்றியைப் பார்த்தார்.

"மூணு தரம்."

லாடியின் கைகள் ஸ்டியரிங்கை விட்டுத் தொப்பென்று மடியில் விழுந்தன. நிமிர்ந்து சுற்றிப் பார்த்து மூக்கைச் சுளித்தான். "என்னண்ணே இது, இப்படி நாறுது? இங்க எதுக்கு வந்தோம்?" பிடரி, காது, நெற்றி எல்லாம் சுத்தமாக இருந்தன. அன்று மதியம் அவன் இரண்டு தட்டுச் சூப்புக் குடித்ததைப் பார்த்து அல்பீனா சர்ச்சுக்கு மெழுகுவத்தி வாங்கி வைத்தாள். நார்பர்ட் நாஷைக் கொட்டகையோடு கொளுத்திவிட்டு, கண்ணாடி முன்னால் நின்று வாயைத் திறந்து பார்த்தார். நாக்கு இருந்தது. இளஞ்சிவப்பாக, எப்போதும்போல.

அடுத்த ஏலம் நல்ல வீட்டுச் சாமான். பல் வைத்தியர் ஒருவரின் விதவை ஊரை விட்டுப் போகிறாள். வெளுத்த மேசை விரிப்புகள், வெள்ளிக் கரண்டிகள், ஆள் உயர நிலைக்கண்ணாடி. சோப்பு மணம் வீசியது. நார்பர்ட் புது வெள்ளைச் சட்டையில் மேடை ஏறினார். நிலைக்கண்ணாடியை முதலில் எடுக்கச் சொல்லிவிட்டு வாயைத் திறந்தார்.

புகையிலை கரித்தது.

தடித்த ஏதோ ஒன்று உதட்டைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தது. துருப்பிடித்த தோல். உடைந்த நகம். அது அவர் நாக்கின்மேல் படிந்து, முன்னும் பின்னும், அவசரமே இல்லாமல், நன்றாக ஊறுகிறவரை தேய்த்துக்கொண்டது.

பிறகு வெளியே போயிற்று.

கீழே நிலைக்கண்ணாடியின் நடுவில் ஒரு பழுப்புக் கட்டைவிரல் ரேகை விழுந்திருந்தது. அதிலிருந்து எச்சில் வழிந்து இறங்கியது. முன்வரிசைப் பெண்கள் முகத்தைச் சுளித்துப் பின்வாங்கினார்கள்.

லாடி கூட்டத்தின் நடுவிலிருந்து அண்ணாந்து பார்த்துச் சிரித்தான். வெயில் பட்ட அவன் நெற்றியில் ஒரு கீறல் இல்லை.

"ஆரம்பிங்கண்ணே. ஜனம் காத்துக்கிட்டிருக்கு."

நார்பர்ட் வாயில் ஊறியதை விழுங்கினார். ஆரம்பிக்க வேண்டுமென்றால் அவர் மறுபடியும் வாயைத் திறந்தாக வேண்டும்.