அடுப்புக்கல்

கதவைத் திறந்தபோது இலையில் வைத்தது எதுவும் குறையவில்லை. விளக்கில் எண்ணெய்தான் இல்லை.

சுதாஜினி குனிந்து பார்த்தாள். நல்லெண்ணெயை விளிம்புவரை ஊற்றித் திரி கொளுத்திவிட்டுத்தான் அறைக் கதவைச் சாத்தியிருந்தாள். இப்போது விளக்கின் குழி கழுவித் துடைத்ததுபோல் கிடந்தது. திரியையும் காணோம். புருசன் பிருந்தனுக்குப் பிடித்த இறால் பொரியலும் சுறா வறையும் சோறும் ஆறிப்போய் அப்படியே இருந்தன.

"இந்தக் கடைத் திரியெல்லாம் இப்பிடித்தான் புள்ள, ஒரேயடியா எரிஞ்சு முடிஞ்சிரும்," என்றாள் அக்கா புஷ்பவதி. எதற்கும் ஒரு காரணத்தைக் கைவசம் வைத்திருப்பவள். "அவன் வந்திட்டுப் போயிருப்பான். நீ மனசைத் தேத்திக்கொள்."

செத்தவருக்குப் பிடித்ததைச் சமைத்து, மூடிய அறையில் படைத்து, பெயர் சொல்லிக் கூப்பிட்டுவிட்டு வெளியே காத்திருப்பது மட்டக்களப்பில் அவர்கள் வீட்டு வழக்கம். பிருந்தனுக்கு அது பிந்திப்போனது. வடதுருவத்துக்குக் கிட்ட, எல்ஸ்மியர் தீவின் வடக்கு முனையில் இருக்கும் தேசியப் பூங்காவுக்கு, ஆராய்ச்சிக்காரர்களின் முகாமில் சமைக்கக் கோடையில் போனவன் அவன். பனி உருகி ஓடும் ஆற்றைக் கடக்கும்போது கால் தவறியது. உடல் கிடைக்கவில்லை. மார்கழி பிறந்த பிறகு அவனுடைய பெட்டி மட்டும் செயின்ட்-மிஷேலில் அவர்கள் குடியிருந்த வீட்டுக்கு வந்தது. உள்ளே அவன் இடுப்பில் உடுத்தும் சாரத்தில் சுற்றிய தட்டையான கல் ஒன்று, ஒரு பக்கம் கரி பிடித்து.

வழி சொன்னது அக்காதான். "உடம்பு இல்லாட்டி என்ன? அவன்ட கை பட்ட கல்லை வை. பேரைச் சொல்லிக் கூப்பிடு. நாளைக்கு விடிய ரொக்ஸ்பரோவுக்குக் கொண்டு வா, எங்கட வீட்டுக்குப் பின்னால ஆத்தில விடுவம்."

கதவைச் சாத்துமுன் சுதாஜினி கல்லுக்குப் பாலூற்றி மஞ்சள் வைத்திருந்தாள். பெயர்தான் வாயில் வரவில்லை. புருசன் பெயரைச் சொல்லாமல் வளர்ந்தவள். அவன் வங்கி அட்டையைத் தொலைத்த நாளில் தொலைபேசியில்கூட எழுத்துக் கூட்டித்தான் சொன்னாள். அதனால், "வாங்க, வந்து சாப்பிடுங்க," என்று மட்டும் அழுதழுது கூப்பிட்டாள்.

பனி பெலக்க முன்னர் அக்கா காரை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். நாலரை மணிக்கே யன்னல் கறுத்தது. சுவரோரத்து ஹீட்டர் டிக் டிக்கென்று சுட்டுக்கொண்டிருந்தும் வீடு குளிர்ந்துகொண்டே போனது. படையல் அறையிலிருந்து ஒரு மணம் வந்தது, மயிர் கருகியது போலவும் ஈரத்தோல் போலவும், பழைய கொழுப்பு போலவும். இறால் பழுதாகியிருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு இலையை எடுத்துக் குப்பையில் போட்டாள். கல்லைத் தொட மனம் வரவில்லை. அவன் அங்கே இருக்கிறான் என்றால் இந்த ஓர் இரவாவது இருக்கட்டும். அவ்வளவு ஆசை அவளுக்கு. பாத்திரம் கழுவிவிட்டு அவள் படுக்க வரும்போது, கண்ணைத் திறக்காமலே போர்வையின் ஓரத்தை, எண்ணெய் சுட்ட தழும்புள்ள கையால் தூக்கிக் கொடுப்பான். கோடையிலிருந்து அந்தக் கைக்காகத்தான் நித்திரையில்லாமல் கிடந்தாள்.

மகள் ஆர்த்திகா, பகலில் பிள்ளைகளைப் பார்க்கும் கார்டெரியிலிருந்து வந்தது முதல் படுத்தபடியே இருந்தாள். நாலு வயதுப் பிள்ளை, நிற்காமல் துள்ளுகிறவள். நெற்றி குளிர்ந்திருந்தது.

"அம்மா, அறைக்குள்ள ஆக்கள்."

"அப்பாவா குஞ்சு?"

"அப்பா இல்ல. நிறையப் பேர். ஒட்டி ஒட்டிப் படுத்திருக்காங்க." மறுபடி கண்ணை மூடிக்கொண்டாள்.

பால் காய்ச்சிக் கொடுக்கலாமென்று சுதாஜினி குசினிக்குப் போனாள். நல்லெண்ணெய்ப் போத்தல் மூடி திறக்காமலே வெறுமையாக இருந்தது. குளிர்பெட்டியில் பட்டர் சுற்றிய தாள் மட்டும், நக்கியெடுத்த மாதிரி.

அப்போதுதான் அவன் முகாமிலிருந்து தொலைபேசியில் பேசியது நினைவுக்கு வந்தது. ஆயிரக்கணக்கான வருசத்துக்கு முதல் அங்கே சனம் இருந்ததாம். கஸ்தூரி எருதின் தோலில் கூடாரம், நடுவில் கல்லடுப்பு. மாதக்கணக்கில் சூரியன் வராத காலத்தில் எரிக்க மரமில்லை. கொஞ்சம் எலும்பு, கொஞ்சம் கொழுப்பு. அதுவும் முடிந்தால் எல்லாரும் ஒரே தோலுக்குள் ஒட்டிப் படுத்து, அசையாமல், மூச்சைக் குறைத்து, வெளிச்சம் வரும்வரை கிடப்பார்களாம்.

"எழும்பாமலே போனவங்களும் இருப்பாங்க, பாவம்," என்றான். "அதுகள்ட கல்லை ஒருத்தரும் அசைக்கக்கூடாதாம். நான் களவா உனக்கொரு அடுப்புக்கல் கொண்டு வாறன். சமையல்காரன் பொண்டாட்டிக்கு வேறென்ன?"

அவளும் சிரித்தாள்.

அறையில் இருப்பது அந்தச் சனத்தின் அடுப்பு. பாலூற்றியிருக்கிறாள். விளக்கு வைத்திருக்கிறாள். பெயர் சொல்லாமல், சாப்பிட வாருங்கள் என்று கூப்பிட்டிருக்கிறாள்.

காலையென்ன காலை, இப்போதே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்விட வேண்டும். பிள்ளையின் ஜாக்கெட்டை எடுத்துக்கொண்டு ஓடினாள்.

கட்டில் வெறுமையாக இருந்தது. மெத்தையில் சூடே இல்லை.

படையல் அறைக் கதவு சாத்தியிருந்தது. அவள் சாத்தவில்லை. உள்ளே மூச்சு. ஒன்று. நெடுநேரம் எதுவுமில்லை. பிறகு இன்னொன்று. பலபேர் சேர்ந்து ஒரே மூச்சாக விட்டார்கள். அதற்குள் ஒரு சின்ன மூச்சும் கேட்டது.

"ஆர்த்தி."

ஜாக்கெட்டைக் கீழே போட்டாள்.

படையலுக்குக் கூப்பிட்டது பிழையென்றால் திருத்திக் கூப்பிட வேண்டும். அவன் வந்தால் பிள்ளையை அவர்களிடம் விடமாட்டான். கதவில் நெற்றியை வைத்து, வாழ்க்கையில் முதல் தடவையாக அந்தப் பெயரைச் சொன்னாள்.

"பிருந்தன்."

மூச்சு நின்றது.

கதவைத் திறந்தாள். இருட்டு. கால்விரலில் மயிர் பட்டது, நீளமான, ஈரமான மயிர். தெருவிளக்கின் வெளிச்சம் யன்னலால் மெல்ல உள்ளே வந்தது. தரையை மூடி ஒரு தோல், சுவரிலிருந்து சுவர்வரை. அதன் கீழே முதுகுகள், தோள்கள், நெருக்கமாக. நடுவில் கல், தணல்போலச் சிவந்து. கல்லுக்குப் பக்கத்தில், எல்லாருக்கும் நடுவே, ஆர்த்திகாவின் இரட்டைப் பின்னல்.

பிள்ளை இன்னும் அசையவில்லை.

கிட்டத்தில், கதவோரம், தோலுக்குள்ளிருந்து ஒரு கை வந்தது. ஆற்றுநீர் சொட்டியது. மணிக்கட்டில் எண்ணெய் சுட்ட பழைய தழும்பு.

கை தோலின் ஓரத்தைப் பிடித்து, அவளுக்காக, மெதுவாகத் தூக்கிக் கொடுத்தது.