நான்காம் கட்டிலில் ஒரு மூச்சு

காலை ஒன்பது மணிக்கு நர்ஸிங் மாணவிகள் ஆறு பேருடன் பழைய மூன்றாம் வார்டுக்குள் நுழைந்தேன். இப்போது அது பயிற்சி அறை. நான்காம் கட்டிலில் ஒரு பொம்மையைக் கிடத்தியிருக்கிறார்கள். அதன் கழுத்தில் ஒரு குழாய். நிஜ நோயாளிக்கு அது இதயத்தின் வாசல் வரை போகும்.

“மருந்து ஏத்துறதுக்கு முன்னாடி குழாயோட மூடியை ஸ்பிரிட்ல தேய்க்கணும், பதினைஞ்சு எண்ணுற வரைக்கும். அப்புறம் அது தானா காயணும். அவசரப்பட்டு யாரும் ஊதக் கூடாது. வாயில இருக்கிற கிருமி நேரா ரத்தத்துக்குப் போயிடும்.”

“அதுக்குள்ள டப்பாவுல என் கோஷரிச் சோறு ஆறிப்போயிடும் மிஸ்,” என்றாள் துர்ரியா. வாயாடி. ஆனால் கை சுத்தமானவள்.

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பதினோரு வருடங்களுக்கு முன் இதே கட்டிலில் உம்மு ஹிலால் என்ற நோயாளிக்கு மருந்து ஏற்றியவள் நான். அன்று என் மேஜையில் பாதி குடித்த சோம்பு டீ, இன்னும் ஏழு கட்டில்கள் பாக்கி. ஈரம் காயட்டும் என்று ஊதினேன். மூன்றாம் நாள் அந்த அம்மாள் கட்டில் குலுங்கக் குலுங்க நடுங்கிச் செத்தாள். யாரும் என்னைக் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அன்றோடு சோம்பு டீயை விட்டேன்.

துர்ரியா தேய்த்தாள். கையை எடுத்துவிட்டுக் காத்திருந்தாள்.

உஃப்.

“யாருடி ஊதினது?” என்று கத்திவிட்டேன்.

“சத்தியமா நாங்க இல்ல மிஸ். எல்லாரும் மாஸ்க் போட்டிருக்கோம்.”

மூடியின் மேல் ஆவி படிந்திருந்தது. சோம்பு வாசனை அடித்தது.

மதியம் குழந்தைகள் வார்டில் நிஜமான நோயாளி. சிறுநீரகம் கெட்டுப்போன நதா, ஒன்பது வயது. துர்ரியாவை நகரச் சொல்லி நானே நதாவின் கழுத்துக் குழாயைப் பிடித்தேன். இவளையாவது காப்பாற்ற வேண்டும். தேய்த்தேன். பதினைந்து எண்ணினேன். காத்திருந்தேன்.

உஃப்.

மறுபடி தேய்த்தேன். ஐந்து முறை. ஐந்து முறையும் வந்தது.

“ஜில்லுன்னு இருக்கு,” என்று சிணுங்கினாள் நதா.

துர்ரியா என் காதருகே குனிந்தாள். “மிஸ், உங்க மாஸ்க்தான் உப்புது.”

குழாயைத் துர்ரியாவிடமே கொடுத்துவிட்டு வீட்டுக்கு ஓடினேன். நான் அங்கே இல்லையென்றால் யார் ஊதப் போகிறார்கள்? இரண்டு நாள் கதவைப் பூட்டிக்கொண்டு கிடந்தேன்.

மூன்றாம் நாள் காலை போன் அடித்தது. துர்ரியா அழுதுகொண்டிருந்தாள்.

“மிஸ், நதாவுக்கு நடுங்குது. கட்டிலே குலுங்குது. சீக்கிரம் வாங்க...”

சட்டென்று கிசுகிசுத்தாள்.

“அப்போ போனை எடுத்தது யாரு? மிஸ் இங்க இருக்காங்களே. நதா கழுத்துப் பக்கம் குனிஞ்சு நிக்கிறாங்க. கையில டீ கிளாஸ்.”

நான் போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு வாயை இரு கைகளாலும் இறுகப் பொத்திக்கொண்டேன். அப்படியும் போனில் அந்த ஊதும் சத்தம் தெளிவாகக் கேட்டது.