பச்சைக்குக் கீழே சிவப்பு

"ஐயோ...!"

ஷெட்டுக்குள்ளிருந்து வந்த அலறலில் தையல் மிஷின் நின்றது.

குஷன்காரன் கழுத்தில் தொங்கிய அளவு டேப்போடு ஓடினான். அவன் மனைவி காரின் இடது முன் மட்கார்டு பக்கம் மண்டியிட்டிருந்தாள். கையில் பெயிண்டைத் தேய்த்து எடுக்கும் ஈரமான வாட்டர் பேப்பர். அவள் விரல்களிலிருந்து சிவப்பாகத் தண்ணீர் ஒழுகி, சிமெண்ட் தரையில் ஓடியது.

"கையை அறுத்துக்கிட்டியா? காட்டு... காட்டு!"

"கை இல்லய்யா."

"பின்ன?"

"கார்."

பச்சைக் காரிலிருந்து சிவப்பு ஒழுகிக்கொண்டிருந்தது!

எட்டு மாதத்துக்கு முன்னால் ஒரு விதவை அம்மாவின் கொல்லையில், பின் சீட்டில் கோழி அடைகாத்துக்கொண்டிருந்த நிலையில் வாங்கிய கார் அது. மேல் மூடியை மடித்துவிட்டால் வானம் பார்க்கும் பழைய ரகம். தகர வேலை அவளுடையது. லேத் பட்டறையில் பதினாறு வருட அனுபவம். சீட்டும் கேன்வாஸ் மூடியும் அவனுடையவை.

பட்டறையில் அவளுக்கு மிளகாய் என்று பெயர். கோபம் வருகிறவள் என்று சொல்வார்கள். தப்பு. கோபம் அவளிடம் நிரந்தரமாகக் குடியிருந்தது. அவள்தான் நடுநடுவே வெளியே போய்வருவாள்.

அந்தக் கோபத்துக்கு வயது இருபத்திரண்டு.

"இங்க பாரு" என்றாள். "மேல பச்சை. அதுக்குக் கீழ பட்டி. ஒரு விரல் கனத்துக்கு வச்சுப் பூசியிருக்கான். பட்டிக்குக் கீழ..."

"சிவப்பு."

"அந்தச் சிவப்பு சிராய்ச்சிருக்கு. தகரம் உள்ள போயிருக்கு. அடிபட்டப்போ இந்த வண்டி சிவப்புய்யா! அப்புறம்தான் பட்டி... அப்புறம்தான் பச்சை!"

குஷன்காரன் குனிந்து அந்தப் பள்ளத்தை விரலால் தொட்டான்.

அவள் அப்பா தபால்காரர். இருபத்திரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு பன்னிரண்டாம் தேதி சாயங்காலம், சைக்கிளில் வீடு திரும்பும்போது ஒரு கார் இடித்துவிட்டுப் போனது. ரயில்வே கேட்காரர் தூரத்திலிருந்து பார்த்திருந்தார். சிவப்புக் கார். மேலே மூடி இல்லை. ஓட்டியவன் ஒருத்தன்தான்.

ஒன்றரை மணி நேரம் ரோட்டோரம் கிடந்தார் அப்பா. அரை மணி முன்னால் கொண்டுவந்திருந்தால் பிழைத்திருப்பார் என்றார் டாக்டர். அப்போது அவளுக்குப் பதினோரு வயது. அந்த வாக்கியத்தை இன்றுவரை அவள் மென்றுகொண்டிருக்கிறாள்.

போலீஸ் மூடியில்லாத சிவப்புக் கார்களைத் தேடியது. ஒன்றுகூட இல்லை. வட்டாரத்தில் அந்த ரகத்தில் இருந்தது இந்த ஒரே கார். அதுவும் பதிவேட்டில் பச்சை. முடிந்தது விசாரணை!

ஒருத்தன் வந்து ஒரு நகத்தால் சுரண்டிப் பார்த்திருந்தால் போதும். ஒரே ஒரு நகம்!

அவள் எழுந்தாள். முன் கண்ணாடியைச் சுற்றியிருந்த காய்ந்த ரப்பரை ஆத்திரத்தோடு பிடித்து இழுத்தாள். ரப்பர் பிய்ந்து வந்தது.

அதன் உள்ளிடுக்கில் ஏதோ ஒன்று ஒட்டியிருந்தது.

எடுத்தாள். பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

"என்ன அது?"

அவள் வாய் திறக்காமல் நிற்பது அவள் கத்துவதைவிடப் பயமாக இருந்தது. அதைச் சட்டைப் பையில் பத்திரப்படுத்தினாள்.

"போனை எடு" என்றாள். "இன்ஸ்பெக்டரம்மாகிட்ட பேசணும்."

*

"திங்கக்கிழமை பழைய ஃபைலெல்லாம் அழிக்கப் போறோம்" என்றது போனில் இன்ஸ்பெக்டரின் குரல். "உங்க அப்பா ஃபைலும் அதுல இருக்கு. உங்களுக்காகத்தான் கடைசியில வச்சிருக்கேன். புதுசா ஏதாவது இருந்தா சொல்லுங்க. சும்மா கத்தாதீங்க."

"கத்தல மேடம். என் குரலே இப்படித்தான்! கார் கிடைச்சிருச்சு."

"அது பச்சைக் கார்."

"காகிதத்துல பச்சை. ரோட்டுல சிவப்பு!"

மறுமுனையில் ஃபைல் புரளும் சத்தம் கேட்டது.

"அந்த விதவை அம்மாவோட வீட்டுக்காரர் டைரி எழுதுறவர் மேடம். கார் வாங்கறப்பவே டைரியும் சேர்த்து வாங்கிட்டேன். அந்த மாசம் ஒம்பதாம் தேதி, பச்சைன்னு கலர் மாத்தற ஃபாரம் கொடுத்திருக்காரு. அன்னிக்கே வண்டியை ஒர்க்‌ஷாப்புல விட்டிருக்காரு. பதினஞ்சாம் தேதி எடுத்திருக்காரு. நடுவுல பன்னெண்டு எங்க இருந்துச்சு?"

"ஒர்க்‌ஷாப்ல."

"அந்த ஒர்க்‌ஷாப்ல ஒரு வழக்கம். ஒரு வண்டிக்கு ஒரு பெயிண்டர். பழைய பெயிண்டைக் கிழிக்கறதுலேர்ந்து பாலிஷ் வரைக்கும் அவன் ஒருத்தன்தான். வண்டி வெளிய போற வரைக்கும் சாவி அவன் இடுப்புல. வேற யாரும் தொடக்கூடாது."

"அப்போ யார் பெயிண்ட் அடிச்சானோ..."

"அவன்தான் ஓட்டினான்!"

"யாருன்னு தெரியுமா?"

அவள் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தாள்.

"ஒர்க்‌ஷாப்பை இடிச்சே பத்து வருஷம் ஆச்சு. நாலு பெயிண்டர். ரெண்டு பேர் செத்துட்டாங்க. சனிக்கிழமை காலையில வாங்க மேடம். சொல்ல வைக்கிறேன்."

போனை வைத்தாள்.

"உன் சித்தப்பாவுக்குத் தெரிஞ்சிருக்குமே?" என்றான் குஷன்காரன். "அவரும் அங்கதானே பெயிண்டரா இருந்தாரு? கூப்பிட்டுக் கேட்கலாம்."

"கூப்பிட்டுட்டேன்" என்றாள்.

*

சனிக்கிழமை. காலை பத்து மணி.

சித்தப்பா உள்ளே வரும்போதே மூக்கைச் சுளித்தார்.

தொழிலில் அவருக்குக் கண்ணாடி என்று பெயர். அவர் பெயிண்ட் அடித்த கதவில் முகம் தெரியும். வாடிக்கையாளர்கள் அதில் பார்த்துத் தலை சீவிக்கொண்டுதான் வண்டியை எடுப்பார்கள். ஐம்பத்தெட்டு வயதிலும் நகம் வெட்டி, சட்டை மடிப்புக் கலையாமல் வருவார். அண்ணன் போன பிறகு அண்ணன் குடும்பத்தைத் தாங்கியவர். அவளுக்குப் பள்ளிக்கூடம், வேலை, கல்யாணம்... எல்லாம் அவர்.

"இந்தத் தகர டப்பாவை இன்னும் தூக்கிப் போடலயா பாப்பா? வாங்கறப்பவே சொன்னேன், எடைக்குப் போடுன்னு."

"பெயிண்ட் கிழிக்கறதுக்கு முன்னாடி உங்க கண்ணு ஒரு தடவை படணும் சித்தப்பா. இது உங்க ஒர்க்‌ஷாப்புக்கு வந்த வண்டியா?"

"வந்ததே இல்ல. நான் இதைப் பார்த்ததே உன் வீட்லதான்."

பதில் சட்டென்று வந்தது.

தேய்த்த மட்கார்டை ஒரு சாக்கு மூடியிருந்தது. காரின் பின் சீட்டில், தைத்து முடிக்காத கேன்வாஸ் மூடி குவியலாகக் கிடந்தது. குஷன்காரன் அதன் பக்கத்தில் நின்று ஊசியில் நூல் கோக்க முயன்றான். நூல் ஏழு தடவை தப்பியது.

"அப்போ பரவாயில்ல, தைரியமாத் திட்டலாம்" என்றாள் மிளகாய். "யாரோ கத்துக்குட்டி அடிச்சிருக்கான். தடவிப் பாருங்க, சொரசொரன்னு!"

"வெயில்ல கிடந்திருக்கும்" என்றார். தடவவில்லை.

"வெயிலா? கதவுல வழிஞ்சிருக்கு!"

"எங்க வழிஞ்சிருக்கு?"

"இங்கதான்."

சித்தப்பா மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். "இது வழிசல் இல்ல. கோழி கொத்தின கோடு."

"பார்த்தா வழிசல் மாதிரிதான் இருக்கு. ஏன்யா, நீ சொல்லு!"

குஷன்காரன் ஒப்பித்தான். "எங்க கடையில சைக்கிள் ஸ்டாண்டுக்கு நானே பெயிண்ட் அடிச்சேன். இதைவிட நல்லா வந்துச்சு."

சித்தப்பாவின் கழுத்து நரம்பு ஒன்று எழுந்து அடங்கியது.

"மாப்பிள்ளை, நீங்க ஊசியைப் பாருங்க."

"அதுவுமில்லாம சித்தப்பா..." அவள் சட்டைப் பையிலிருந்து ஒரு கசங்கிய துண்டை எடுத்தாள். "கண்ணாடி ரப்பருக்குள்ள இது இருந்துச்சு. நியூஸ்பேப்பர்! பெயிண்ட் படாம மறைக்கறதுக்கு நியூஸ்பேப்பரை ஒட்டியிருக்கான். மை பெயிண்ட்ல இறங்கி ஓரமெல்லாம் கறுப்பு. சோம்பேறிப் பய. இவனையெல்லாம் யாரு பெயிண்டர்னு..."

"நியூஸ்பேப்பரா?!"

ஷெட் அதிர்ந்தது.

"யாரைப் பார்த்து என்ன பேசுற? நியூஸ்பேப்பர் மை இறங்கும்னு தெரியாதவனா? பிரவுன் பேப்பர்டி! கடையில எண்ணி வாங்கின பிரவுன் பேப்பர்! ஓரத்தை ரெண்டு மடிப்பு மடிச்சு, ரப்பருக்குள்ள சொருகி, மேல டேப்பு! அஞ்சு கோட்டு அடிச்சேன்! ஒவ்வொரு கோட்டுக்கும் நடுவுல தேய்ச்சு, காய வச்சு... சொரசொரவாம், வழிசலாம்! இந்தக் கதவுல முகம் பார்த்துத்தான் அந்த ஆள் தலை சீவிட்டு..."

நின்றார்.

குழாயிலிருந்து வாளிக்குள் சொட்டு விழுந்தது. ஒன்று... இரண்டு... மூன்று...

"எந்த ஆள், சித்தப்பா?"

அவர் காரிலிருந்து ஓரடி பின்வாங்கினார்.

"பார்த்ததே இல்லேன்னீங்க."

"அது... வேற வண்டி. ஞாபகத்துல..."

"ஒரு வண்டிக்கு ஒரு பெயிண்டர். சாவி அவன் இடுப்புல. சாப்பாட்டுத் தட்டு முன்னால உக்காந்து நூறு தடவை பெருமையாச் சொல்லியிருக்கீங்களே!" அவள் குரல் உயரவில்லை. "பன்னெண்டாம் தேதி சாவி எங்க இருந்துச்சு?"

சித்தப்பா ஸ்டூலில் உட்கார்ந்தார்.

சட்டை மடிப்பை நீவிவிட்டுக்கொண்டார்.

"ஒரே ஒரு ரவுண்டு பாப்பா. மூடி இல்லாத வண்டியை அதுக்கு முன்னால ஓட்டினதில்ல. மறுநாள் கிழிச்சா பச்சையாயிடும். சிவப்பா இருக்கறப்ப ஒரு தடவை... சாயங்கால வெயில் நேரா கண்ணுல. யாரோ சைக்கிள்ல... சத்தியமா அண்ணன்னு தெரியாது! வீட்டுக்கு வந்தப்புறம்தான் தெரியும்!"

"வேற யாரோன்னு நினைச்சீங்க."

"ஆமா! ஆமா பாப்பா!"

"வேற யாரோவா இருந்தா ரோட்டுல போட்டுட்டுப் போகலாம். அப்படித்தானே?"

அவள் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. இருபத்திரண்டு வருடமாக மென்றதைத் துப்பினாள்.

"ஒன்றரை மணி நேரம் உயிரோட கிடந்தாரு. யாரோவா இருந்தாலும் கிடந்திருப்பாரு! அப்பாவைப் புதைச்ச அன்னிக்கு நீங்கதான் எனக்குத் தலை பின்னி விட்டீங்க. உங்க நகத்துக்குள்ள பச்சையா இருந்துச்சு. புல்லைப் பிடுங்கி அழுதீங்கன்னு நினைச்சேன். பாவம் சித்தப்பான்னு நினைச்சேன்யா நான்!"

குஷன்காரன் ஊசியைத் தவற விட்டான்.

சித்தப்பா மெல்ல நிமிர்ந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். திரும்ப மாட்டியபோது அந்த முகம் வேறு முகமாக இருந்தது.

"சரி. இப்ப என்ன பண்ணப் போற? யாரு நம்புவா? நீ ஒரு முன்கோபி. இவன் உன் புருஷன். நான் எதுவும் சொல்லலேன்னு சொன்னா முடிஞ்சது. சாட்சி யாரு... இந்தக் காரா?"

"கார் இல்ல" என்றது கார்.

சித்தப்பா துள்ளி எழுந்தார். ஸ்டூல் உருண்டது!

பின் சீட்டில் கேன்வாஸ் குவியல் புரண்டது. அதற்குள்ளிருந்து முதலில் ஒரு தொப்பி, அப்புறம் போன், அதற்கப்புறம் வியர்வையில் நனைந்த இன்ஸ்பெக்டரம்மா வெளியே வந்தார்.

"எல்லாம் பதிவாயிருக்கு" என்றார் போனை ஆட்டி. "குஷன்காரரே, இந்த சீட்டுல ஸ்பிரிங் ஒண்ணு விட்டிருக்கு. ஒரு மணி நேரமா என் முதுகைக் குடையுது."

சித்தப்பாவின் பார்வை அவள் கையிலிருந்த துண்டுக்குப் போனது.

"ஒரு நியூஸ்பேப்பர் துண்டை வச்சு என்னை..."

"இதுவா? காலையில கடலை வாங்கின பொட்டலம்." கசக்கி வாளிக்குள் எறிந்தாள். "ரப்பருக்குள்ள இருந்தது வேற."

இன்ஸ்பெக்டர் ஒரு பிளாஸ்டிக் உறையைத் தூக்கிக் காட்டினார். உள்ளே பெருவிரல் அகலத்துக்கு ஒரு பிரவுன் பேப்பர் துண்டு. ஓரத்தில் இரண்டு மடிப்பு. நடுவில் பச்சைப் பெயிண்டில் பதிந்த ஒரு விரல் ரேகை.

"சின்ன வயசுல என் நோட்டுக்கெல்லாம் அட்டை போட்டது நீங்கதானே" என்றாள் மிளகாய். "அதே ரெண்டு மடிப்பு. வேற யாரும் அப்படி மடிச்சு நான் பார்த்ததில்ல. எடுத்த நிமிஷமே தெரிஞ்சுபோச்சு, யாருன்னு. உங்க வாயால கேட்கணும்னுதான் இவ்வளவு நாடகம்."

சித்தப்பா உறைக்கு அருகே குனிந்தார். நெடுநேரம் உற்றுப் பார்த்தார்.

"மடிப்பு... நேராத்தான் இருக்கு" என்று முணுமுணுத்தார்.

வாசலில் இரண்டு கான்ஸ்டபிள்கள் நின்றிருந்தார்கள். நடக்கும்போது அவர் கை பழக்கத்தில் பச்சைக் கதவைத் தடவிக்கொண்டே போனது.

அவள் அந்தக் கையைத் தட்டிவிட்டாள்!

ஜீப் கிளம்பிப் போன சத்தம் தேய்ந்தது. அவள் உருண்டு கிடந்த ஸ்டூலை நிமிர்த்தி வைத்து, அதில் உட்காராமல் தரையில் உட்கார்ந்தாள். அழுவாள் என்று குஷன்காரன் எதிர்பார்த்தான். வாட்டர் பேப்பரை எடுத்தாள்.

"அம்மா தாயே, கையை எடுங்க!" இன்ஸ்பெக்டர் ஓடிவந்தார். "இனி ஒரு இடம் தேய்க்கக் கூடாது. வண்டி முக்கியமான தடயம். கோர்ட்டுக்குப் போகுது."

குஷன்காரன் முகம் தொங்கியது. கேன்வாஸை மார்போடு அணைத்துக்கொண்டான்.

"மேடம், நாலு மாசமா ராப்பகலாத் தைக்கறேன். இன்னும் ரெண்டு தையல்தான். மூடியை மாட்டிக் கொடுத்துடறேனே... மழை வந்தா?"

மிளகாய் நிமிர்ந்து பார்த்தாள். எட்டு மாதத்தில் முதல் தடவையாக அவள் உதட்டோரம் ஏதோ நெளிந்தது.

"இருபத்திரண்டு வருஷம் சும்மா கிடந்த ஃபைலே நனையலய்யா... கோர்ட்டுக்குள்ள எங்க மழை பெய்யப் போகுது!"