கண்ணாடிக்கடைக்காரரின் மூக்கு

வந்த பெண்மணி நாற்காலியில் உட்காரும் முன்பே அழத் தொடங்கிவிட்டார். பள்ளிக்கூட டீச்சர். ஒரு வகுப்பையே ஒரே முறைப்பில் அடக்குகிறவர் என்று பார்த்தாலே தெரிந்தது. அப்படிப்பட்டவரே அழுகிறார் என்றால் விஷயம் பெரிதுதான் என்று சின்னவன் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

சின்னவன் என்பது வீட்டில் கூப்பிடும் பெயர். அந்தத் துப்பறியும் அலுவலகம் அவனுடைய அண்ணிக்குச் சொந்தம். அண்ணி எதற்கும் அலட்டிக்கொள்ள மாட்டார். அவருக்கும் சேர்த்து அலட்டிக்கொள்ளச் சின்னவன் இருந்தான்.

"எங்க வீட்டுக்காரர் மூக்குக்குப் பிளாஸ்டிக் சர்ஜரி பண்ணிக்கிட்டார் மேடம்! என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல. வெளியூர் போறேன்னு போனவர் மறுநாள் மூக்குல கட்டோட வந்து நிக்கிறார். ஏன்னு கேட்டா, 'கோணலா இருந்துச்சு, நிமித்திக்கிட்டேன்'ங்கிறார். கல்யாணமான நாள்லேருந்து அந்தக் கோண மூக்கோடதானே குடும்பம் நடத்துறேன்? இப்ப யாருக்குக் காட்ட நிமித்துறார்?"

"சாப்பாடு, தூக்கமெல்லாம் எப்படி?" என்று கேட்டார் அண்ணி.

"அதுக்கு ஒரு குறையும் இல்லை. குப்புறப் படுத்துக் குறட்டை விடுறார். காபியை வாயில வைக்கிறதுக்கு முன்னாடியே, 'பால் அடிப்பிடிச்ச வாசனை வருது'ன்னு குத்தம் வேற. கோவத்துல நான் அவரோட பேசுறதே இல்லை. எவளாவது இருந்தா சொல்லிடுங்க மேடம். பொண்ணைக் கூட்டிக்கிட்டு எங்க அம்மா வீட்டுக்குப் போயிடறேன்."

அவர் போனதும் சின்னவன் பொங்கினான். "அண்ணி, இது பொம்பளை விவகாரமே இல்லை. முகத்தை மாத்திக்கிட்டு நாட்டை விட்டு ஓடப் போறார். போலீஸ் தேடுற ஆளா இருக்கும்!"

"ஓடப் போறவர் மறுநாளே வந்து கடையைத் திறப்பாரா? கிளம்பு, உனக்கு ஒரு கண்ணாடி பார்க்கலாம்."

டீச்சரின் கணவர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தார். மூக்கின் குறுக்கே பெரிய வெள்ளைக் கட்டு, அதன்மேல் கனமான கறுப்பு ஃபிரேம் போட்ட கண்ணாடி. கண்கள் மட்டும் நன்றாகத் தூங்கி எழுந்தவை போலத் தெளிவாக இருந்தன.

கல்லூரியில் படிக்கும் மகள் கடையில் உதவியாக இருந்தாள். இடப் பக்கம் முழுவதும் கூந்தலை வழியவிட்டிருந்தாள். மின்விசிறிக் காற்றில் அது விலகியபோது சின்னவன் பார்த்துவிட்டான். அந்தப் பக்கம் காது பிறவியிலேயே வளரவில்லை. கண்ணாடியின் ஒரு காலை வலக் காதில் மாட்டி, மறு பக்கத்தை எலாஸ்டிக் பட்டையால் தலையைச் சுற்றி இழுத்துக் கட்டியிருந்தாள். அவனுக்கு என்னவோபோல் ஆயிற்று.

"வலிக்குதாப்பா?" என்று கேட்டாள் அவள்.

"ஆரம்பத்துல சுருக்குன்னு இருந்துச்சும்மா. அப்புறம் ஒண்ணுமே தெரியல," என்று அப்பா கட்டை மெல்லத் தொட்டுக்கொண்டார்.

மகள் ஃபிரேம் எடுக்க உள்ளே போனாள். உடனே அவர் விரலைக் கட்டுக்குள் விட்டு, சுகமாகக் கண்ணை மூடிக்கொண்டு வறட்டு வறட்டென்று மூக்கைச் சொறிந்தார். மகள் திரும்பி வந்ததும் பழையபடி நோயாளி ஆகிவிட்டார். அண்ணி சின்னவனுக்கு ஒரு கண்ணாடி வாங்கினார்.

அன்று மாலையே கணவனும் மனைவியும் அலுவலகத்தில் எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள்.

"மூக்கு எலும்பைச் சரி பண்ணினா கண்ணுக்குக் கீழே கன்னிப்போய் வீங்கும். உங்களுக்கு வீங்கல," என்றார் அண்ணி. "மூக்கு அடைச்சு வாசனை தெரியாது. உங்களுக்குப் பால் அடிப்பிடிச்சது தெரியுது. தலையை உயர்த்தி மல்லாந்துதான் படுக்கணும். நீங்க குப்புறப் படுக்கிறீங்க. கண்ணாடியோட பாரம் பல வாரத்துக்கு மூக்குல விழவே கூடாது. கண்ணாடி விக்கிற நீங்களே கட்டு மேல ஏத்தி வச்சிருக்கீங்க. உள்ளே இருக்கிறது அதே கோண மூக்குதான்."

டீச்சர் கணவர் பக்கம் திரும்பினார். "அப்ப எதுக்கு இந்த வேஷம்?"

"வீட்டுல இஷ்டத்துக்குப் படுக்கிறார். எங்க முன்னாடியும் கூச்சமில்லாம சொறியறார். உங்க பொண்ணு பார்க்கிறப்ப மட்டும்தான் நடிக்கிறார். அவளுக்காகத்தானே சார்?" என்றார் அண்ணி.

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "விலாவுலேருந்து குருத்தெலும்பு எடுத்துக் காது செஞ்சு வைக்கலாமாம். அவளுக்கு அவ்வளவு ஆசை. ஆனா ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் வந்துட்டு அழுதுக்கிட்டே திரும்பிடுவா. 'முதல்ல நீங்க கத்தி வச்சுக்குங்க, அப்புறம் நான்'னு விளையாட்டாச் சொன்னா. எனக்கு ஊசியைப் பார்த்தாலே மயக்கம் வரும். அதான் இப்படி. நேத்துத்தான் சரின்னு சொல்லியிருக்கா."

"என்கிட்ட ஏன் சொல்லலை?"

"உனக்குப் பொய் வராது. அதோட, நீதான் என்கூடப் பேசலையே! தயவுசெஞ்சு அவகிட்ட மூச்சு விட்டுடாதீங்க. தெரிஞ்சா மறுபடி மாட்டேன்னுடுவா."

கதவருகே ஏதோ சத்தம். மகள் நின்றுகொண்டிருந்தாள். கதவைச் சாத்தவேண்டிய சின்னவன் நாக்கைக் கடித்துக்கொண்டான். எல்லாம் கெட்டது என்று நினைத்தான்.

"அம்மாவை அழைச்சுட்டுப் போக வந்தேன்," என்றாள் அவள். பிறகு அப்பாவைப் பார்த்தாள். "கட்டு மேல கண்ணாடி போட்டீங்களே, அன்னைக்கே எனக்குத் தெரியும்பா. நானும் கண்ணாடிக்கடைப் பொண்ணுதானே?"

"அப்புறம் ஏம்மா சரின்னே?"

"வர்றவன் போறவனெல்லாம் சிரிக்கிறான். அம்மா பேச மாட்டேங்கிறாங்க. அப்பவும் நீங்க கட்டைக் கழட்டலை. பயமெல்லாம் அப்படியேதான் இருக்கு. ஆனா நம்ம கடையில இருக்கிற அத்தனை கண்ணாடியையும் மாட்டிப் பார்க்கணும்பா. முடியைத் தூக்கிக் கட்டணும். அழகா இருக்கணும்னும் ஆசைதான். அதுல என்ன தப்பு? நான் பண்ணிக்கிறேன்."

அப்பா அவள் கையைப் பிடித்துக்கொண்டார். கண்ணீர் வழிந்து கட்டு நனைந்தது. டீச்சர் எழுந்து வந்து, அந்தக் கட்டை ஒரே இழுப்பில் பிய்த்தெடுத்தார். கோண மூக்கு சிவந்துபோய் வெளியே வந்தது. அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"இனிமே இவளுக்காகப் பொய் சொல்லணும்னா, என்னையும் சேர்த்துக்கிட்டுச் சொல்லுங்க," என்றார்.