நீல மைக் கோடு

மதியம் இரண்டு இருபதுக்கு, மூன்றாம் அறையின் வெப்பநிலையைப் பதியும் பேனா நடுங்கியது. மெல்ல நகரும் காகிதச் சுருளில் மைனஸ் இருபதில் நேராக வந்துகொண்டிருந்த சிவப்புக் கோட்டில் சின்னதாக ஒரு பல் முளைத்தது. கொஞ்சம் பொறுத்து இன்னொன்று.

கடத்தூருக்கு வெளியே இருந்த அந்த வெண்ணெய்க் கிடங்கில் செபாஸ்டின் பேனல் ஆபரேட்டர். காதை அடைக்கும் கம்ப்ரசர் உறுமலும், மூக்கை அரிக்கும் அமோனியா வாடையும், கதவிடுக்குகளில் கசிந்து கணுக்காலைத் தொடும் குளிரும் அவனுக்குப் பழகிப்போனவை. கோட்டில் பல் விழுந்தால் அறைக்குள் வெளிச்சூடு நுழைகிறது என்று அர்த்தம். மூன்றாம் அறையோ ஒரு மாதமாகப் பூட்டிக் கிடந்தது. சாவி அவன் பையில் இருந்தது.

"இன்னைக்கும் பல்லு முளைச்சிருச்சுங்களாண்ணா?" கம்ப்ரசர் பார்க்கும் தீர்த்தகிரி எட்டிப் பார்த்தான். "பேசாம பல் டாக்டரக் கூட்டியாந்துரலாமுங்க."

செபாஸ்டின் சிரிக்கவில்லை. ஒரு வாரமாக இதே நேரம். பேனாவைக் கழுவினான், மை மாற்றினான், சுருளை மாற்றினான். இப்போது ஒன்றாம் அறைக் கம்பியையும் மூன்றாம் அறைக் கம்பியையும் இடம் மாற்றிப் பார்த்தான். பற்கள் ஒன்றாம் பேனாவுக்குத் தாவின. பழையபடி மாட்டினான்.

"மிஷின் நல்லாத்தான் இருக்குது. ரூமுலதான் என்னமோ இருக்குது."

"காலி ரூமுங்கண்ணா அது. தம்பிய எடுத்தப்பறம் யாரு உள்ள..." தீர்த்தகிரி நாக்கைக் கடித்துக்கொண்டு நகர்ந்துவிட்டான்.

தம்பி மதலைமுத்து அந்த அறையில்தான் பெட்டி அடுக்கினான். ஒரு மாதத்துக்கு முன், அன்று இரண்டு இருபதுக்கு மூன்றாம் பேனாவில் மை தீர்ந்திருக்கிறது. செபாஸ்டின் ஐந்து மணிக்குத்தான் கவனித்தான். சார்ட்டில் வெள்ளை விழுந்தால் முதலாளி கத்துவார். எல்லா ஆபரேட்டரும் செய்வதையே அவனும் செய்தான்: ஸ்கேல் வைத்து, மைனஸ் இருபதில், பால்பாயிண்டால் ஒரு நேர்கோடு. கையில் இருந்தது நீலம். சார்ட்டைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போடுகிறவர்கள் நிறத்தைக் கண்டுகொள்வதில்லை. தம்பி மாரண்டஹள்ளி பஸ்ஸுக்குப் போயிருப்பான் என்று நினைத்தான்.

ஆறு மணிக்குக் கதவைத் திறந்தார்கள். உள்பக்கக் கைப்பிடி பிடுங்கிக்கொண்டு வந்து தம்பியின் விறைத்துப்போன கையிலேயே இருந்தது. வலது தோள் கன்றிக் கறுத்திருந்தது.

உள்ளிருந்து தோளால் மோதினால் கதவின் ரப்பர் விளிம்பு இம்மி விலகும். சூடு நுழையும். பேனா ஒரு பல் போடும். மை இருந்திருந்தால் போட்டிருக்கும். பத்தடி தூரத்தில்தான் செபாஸ்டின் உட்கார்ந்திருந்தான்.

நேற்று கடைசிவரை பார்த்தான். பற்கள் சிறுத்துச் சிறுத்து நான்கு ஐம்பதுக்கு நின்றுபோயின.

இன்று மணி மூன்றுகூட ஆகவில்லை. இப்போதே திறந்தால்?

ஓடினான். சாவி நழுவியது. குனிந்து எடுத்தான். பூட்டு திறந்தது. தாழை இழுத்தான். வெள்ளைப் புகையாய்க் குளிர் காலில் கொட்டியது.

"தம்பி! டேய் மதலை! வெளிய வாடா!"

வெறும் சுவர்கள். பனி. மூலையில் ஒரு காலிப் பெட்டி. அதை இழுத்து வந்து கதவுக்கு முட்டுக் கொடுத்தான். வெயில் காற்று அவனைத் தாண்டி உள்ளே போனது. இனி மூடாது. இனி பயமில்லை.

பேனலைத் திரும்பிப் பார்த்தான்.

பேனா மேலே ஏறியிருக்க வேண்டும். ஏறவில்லை. பல்லும் இல்லை. மைனஸ் இருபதில் நேர்கோடு. ஸ்கேல் வைத்து இழுத்ததுபோல.

கோடு நீலமாக இருந்தது.

பேனா முனையில் சிவப்பு மை துளித்து நின்றது.

பின்னால் ஒரு இடி.

திரும்பினான். கதவு விரியத் திறந்து கிடந்தது. உள்ளே யாரும் இல்லை. மறுபடியும் இடி. மூடிய கதவில் தோள் மோதும் சத்தம்.

"அண்ணா..."

பெட்டியைத் தள்ளினான். கதவைச் சாத்தினான். திறந்தான். மறுபடி சாத்தித் திறந்தான். இடி நிற்கவில்லை. நீலக் கோடும் அசையவில்லை.

சுவர்க் கடிகாரத்தில் மணி இரண்டு ஐம்பது. நான்கு ஐம்பதுக்கு இன்னும் இரண்டு மணி நேரம் இருந்தது.