தலைகீழாய் ஒட்டிய கண்ணாடி

"இது கண்ணாடியா, இல்ல எனக்கு வந்த சோதனையா?"

மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் டொக்கென்று வைத்தாள் அவள். தலையெல்லாம் ஈரம். நேற்றும் இதே மழைதான்... வழக்கமாகப் போகும் கண்ணாடிக்கடை பூட்டிக்கிடக்க, ஒதுங்கிய இடம் இந்தக் கடை. ஒதுங்கியே இருக்கக்கூடாது!

"என்னங்க ஆச்சு?" என்று எழுந்தான் கடைக்காரன். அவள் கண்ணுக்கு எழுந்தது இரண்டு பேர்... ஒருவன் தலைக்குமேல் இன்னொருவன்.

மூன்று மாதமாக இந்தக் கூத்துதான். விழித்திரை கழன்றுபோய் ஆபரேஷன். பார்வை திரும்பியது. ஆனால் வலது கண் லேசாக மேலே ஏறிக்கொண்டது. சிலருக்கு இப்படி ஆகும் என்றார் டாக்டர், சர்வசாதாரணமாக. அவளோ தையல்கடையில் துணி வெட்டுகிறவள். ஒரு கோடு இரண்டாகத் தெரிந்தால் கத்தரி எதில் ஓடும்? இன்று காலை ஒரு கல்யாணத் துணி பாழ். இன்னொன்று கெட்டால் வீட்டிலேயே இருந்துகொள் என்றுவிட்டாள் முதலாளியம்மா.

"முன்னாடி ரெண்டு உருவமும் கிட்டக்கிட்ட இருந்துச்சு. நேத்து நீங்க தாள் ஒட்டினதும் எட்டப் போயிடுச்சு! பழகினா சரியாகும்னு பொறுத்துப் பார்த்தேன்."

ஒளியை வளைத்து இரண்டையும் ஒன்றாகக் காட்ட, கண்ணாடிமேல் ஒட்டுகிற மெல்லிய பிரிசம் தாள் அது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தவன் முகம் செத்துப்போயிற்று.

"தலைகீழா ஒட்டிட்டேங்க... பத்து வருஷத்துல முதல் தப்பு."

"ஏனாம்?"

"தாளைப் பார்க்கல... உங்க கண்ணைப் பார்த்துக்கிட்டே ஒட்டிட்டேன்."

சுருக்கென்றது அவளுக்கு. ஊரே பார்க்கிற கோணல் கண்! போட்டோவுக்குத் தலையைக் குனிந்துகொள் என்கிறாள் அண்ணிகூட.

"பரிதாபமா? வேணாம். கொடுங்க, நான் போறேன்."

"ஒட்டித் தர்றேன்... அப்புறம் கோவிச்சுக்கிட்டுப் போங்க."

கோபப்படவும் தெம்பில்லை. உட்கார்ந்தாள். தாளை உரித்துத் தண்ணீரில் நனைத்து, நேராகத் திருப்பி விரலால் நீவி ஒட்டினான்.

"பரிதாபம் இல்லங்க. அவ்வளவு களைப்புலயும் நேத்து 'ரெண்டு பேரும் சாப்பிட்டீங்களா'ன்னு என்னைக் கேட்டீங்களே... வீடு போற வரைக்கும் சிரிச்சுக்கிட்டே போனேன். சாப்பிட்டியான்னு என்னை யாரு கேக்கறா?"

கண்ணாடியை மாட்டினாள். மேலே இருந்தவன் மெல்ல இறங்கி... கீழே இருந்தவனோடு சேர்ந்தான். ஒரே முகம். இரண்டு நாள் தாடி. பயந்துபோன கண்கள்.

"எத்தனை பேர் தெரியுது?"

"ஒருத்தர்தான்." அவள் தலையைக் குனியவில்லை. "அந்த ஒருத்தர் சாப்பிட்டாரா?"

"இல்ல... நீங்க?"

"என்னையும் யாரும் கேக்கலயே... நேத்து மழை விட்டப்புறமும் போக மனசில்லாம உங்க வாசல்லயே கொஞ்ச நேரம் நின்னேன். உங்களுக்குத்தான் தெரியாது."